செல்ஃப் சுத்துது… வண்டி எடுக்கல!

உங்களுக்குத் தெரியுமா?

★ சாவியைத் திருகினால் ‘கிர்… கிர்…’ என்று செல்ஃப் சுற்றுகிறது. என்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. மதுரையில் காளவாசல் சிக்னலிலோ மாட்டுத்தாவணி வாசலிலோ இப்படி நடந்தால் அடுத்த நிமிடம் நாலு பேர் கூடிவிடுவார்கள். “பேட்டரி டவுனுண்ணே, தள்ளிப் பார்ப்போம்” என்பார் முதல் ஆள். மதுரைக்காரர்களின் உதவும் குணத்தில் குறை காண முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பு. காரில் இருக்கிற கருவிகளிலேயே அதிகக் கரண்ட் இழுப்பது செல்ஃப் மோட்டார்தான். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில் 100 முதல் 200 ஆம்பியர் வரை குடிக்கும். அதையே விறுவிறுவென்று சுற்ற வைக்கிற பேட்டரியைத் திட்டுவது நியாயமில்லை. தள்ளும்போது நாம் செய்வதும் என்ஜினைச் சுற்றுகிற வேலையைத்தான். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதை ஆள் வைத்துச் சுற்றினால் மிஞ்சுவது வியர்வை மட்டுமே.

★ இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்து, சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது தளர்ந்துவிட்டது என்பது பட்டறைக் கணக்கு. அந்த நிலையில் மோட்டார் எப்படியோ உருண்டுவிடும். என்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டர் பெட்டியும் பிளக்கும் பட்டினி கிடக்கும். டேஷ்போர்டு விளக்குகள் செல்ஃப் அடிக்கும்போது அணைந்து அணைந்து எரிகின்றனவா என்று பாருங்கள்.

★ பானெட்டைத் திறக்கும் முன் காதைத் திறக்க வேண்டும். நல்ல என்ஜின் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கும் இடத்தில் சத்தம் சற்றுத் திணறி, மறுபடி விடுபடும். அந்தத் திணறல் இல்லாமல், எதிர்ப்பே இல்லாதது போல ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். “ஃப்ரீயா சுத்துதுண்ணே” என்று மெக்கானிக் முகத்தைச் சுளித்தால் செலவு பெரிது என்று புரிந்துகொள்ளலாம். பெல்ட் அறுந்தால் வால்வுகள் அசையாமல் நின்றுவிடும். பல என்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் அவற்றின் தலையில் முட்டி வளைத்துவிடும். ‘இன்னொரு தடவை அடித்துப் பார்ப்போமே’ என்ற ஆசை வளையாத வால்வையும் வளைக்கும். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வந்த சான்ட்ரோவும், பழைய மாருதி 800-ம் பெல்ட் வண்டிகள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவரைக் கேட்டிருக்கிறீர்களா? சீட் கவரைப் பற்றித்தான் நாம் அதிகம் கேட்போம்.

★ பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், நெருப்புப் பொறி, அமுக்கம். இவை அதனதன் நேரத்தில் வர வேண்டும். முழுதாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. வண்டி எடுக்காதபோது உலகத்தில் உள்ள எல்லாக் காரணங்களையும் யோசிக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் எது வரவில்லை என்று மட்டும் தேடினால் போதும். பெரும்பாலும் பெட்ரோல் அல்லது பொறி, இரண்டில் ஒன்றுதான் காணாமல் போயிருக்கும்.

★ டி.வி.சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது 1911-ல். அதே 1911-ல்தான் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. மதுரையைத் தாயகமாகக் கொண்டு வளர்ந்த அதே டி.வி.எஸ். குடும்பம், 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆலையைத் தொடங்கியது. அங்கே தயாராகும் முக்கியப் பொருள்களில் ஒன்று, நாம் தினமும் அடிக்கிற இதே செல்ஃப் மோட்டார்.

★ செல்ஃப் வருவதற்கு முன் என்ஜினைச் சுற்றியது இரும்புக் கம்பி. வண்டியின் முகத்தில் உள்ள துளையில் ‘இசட்’ மாதிரி வளைந்த ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். பஸ்ஸிலும் லாரியிலும் அது கிளீனரின் வேலை. பொறி முன்கூட்டியே விழுந்துவிட்டால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். கை எலும்பு முறியும். அதனால் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

★ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மதுரைப் பக்கம் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோலைப் பார்க்க மாட்டார்கள். கரியைக் கிளறிப் பார்ப்பார்கள்! பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது சுந்தரம் ஐயங்கார் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். விஷயம் இதுதான்: உலையில் மரக்கரியைப் போட்டு, வேண்டுமென்றே காற்றைக் குறைத்து எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். இரண்டும் எரிகிற வாயுக்கள். வடிகட்டி, குளிரவைத்து, காற்றோடு கலந்து விட்டால் பெட்ரோல் என்ஜின் அதில் ஓடும்.

ஓடும், உடனே ஓடாது. கரியைப் பற்ற வைத்து, விசிறி சுற்றி ஊதி, கனல் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளிவரும் வாயுவைக் குழாய் முனையில் கொளுத்திப் பார்த்து, சீராக எரிந்தால்தான் என்ஜினைச் சுற்றலாம். அவசரப்பட்டுச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஓடத் தொடங்கினாலும் பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். மேட்டில் ஏறும்போது பயணிகளுக்கே அது தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது என்பதால், கசிவைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருந்திருக்காது. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி ‘பாண்டியன் ரோடுவேஸ்’ வரும்வரை மதுரைச் சாலைகள் டி.வி.எஸ். பஸ்களின் ராஜ்ஜியம். அதன் சரித்திரத்தில் இந்தக் கரி அத்தியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரிய இடம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

★ முதல் கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம்: “பெட்ரோல் இருக்கா?” முள் காட்டுவதை நம்பாதீர்கள். டேங்கில் மிதக்கிற மிதவை ஒட்டிக்கொண்டால் முள் கால்வாசியிலேயே நிற்கும். வண்டி சரிவில் நின்றாலும் கணக்கு மாறும்.

★ இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு காசில்லாப் பரிசோதனை. ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘உய்ங்…’ என்று இரண்டு நொடிகள் ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வந்தால் பம்ப் சுற்றுகிறது. வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஒயர், பம்ப் என்ற வரிசையில் தேட வேண்டும். விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதற்குப் போவதுதான் முறை. தலைகீழாகத் தொடங்குகிற பட்டறைகளும் உண்டு.

★ பம்ப் ரிலே போய்விட்டதா என்று பார்க்க ரிலே வாங்கத் தேவையில்லை. பல கார்களில் ஹாரனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஒரே ரக ரிலேதான். எண்ணும் கால்களும் ஒன்றா என்று பார்த்து, ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் பம்ப் இடத்தில் செருகிப் பாருங்கள். வண்டி எடுத்தால் வீடுவரை ஹாரன் அடிக்காமல் ஓட்ட வேண்டும். மதுரையில் அது கொஞ்சம் பெரிய சோதனைதான்.

★ எப்போதும் நூறு ரூபாய்க்கே பெட்ரோல் போடுகிற பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும். டேங்குக்குள் இருக்கிற அந்தச் சின்ன மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சூழ்ந்துள்ள பெட்ரோல்தான். டேங்க் எப்போதும் வறண்டே கிடந்தால் மோட்டார் சூட்டிலேயே ஓடும். அடியில் தங்கிய கசடையும் உறிஞ்சும்.

★ அம்பாசடர் ஓட்டிய பழைய டிரைவர்கள் டிக்கியில் ஒரு துண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருப்பார்கள். துண்டு முகம் துடைக்க மட்டுமல்ல. அந்தக் காரில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வண்டியை நிறுத்தியதும் ஃபேனும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு குறையாமல் மேலும் ஏறும். குழாயிலும் பம்பிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகி, குமிழ்களாக அடைத்துக்கொள்ளும். பம்ப் திரவத்தைத் தள்ளும். ஆவியை அமுக்கத்தான் செய்யும், தள்ளாது. டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் மட்டும் சுற்றும். ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும், வண்டி எடுத்துவிடும். நிறுத்திய உடனே அடித்தால் ஸ்டார்ட் ஆகும், ஒரு மணி நேரம் கழித்தும் ஆகும், இடையில் உள்ள பத்து இருபது நிமிடங்களில்தான் மக்கர் செய்யும் என்பது இந்தக் கோளாறின் அடையாளம்.

இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் பம்ப் டேங்குக்குள் போய்விட்டது, லைனிலும் அழுத்தம் அதிகம். அதனால் இந்தத் தொல்லை அநேகமாகப் போய்விட்டது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. ஆனால் புதுக் காரின் என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் மட்டும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்சார்களுக்கும் கனெக்டர்களுக்கும் அது ஆகாது.

★ பெட்ரோல் தீர்ந்த பைக்கை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆவது மாயமில்லை. பைக் டேங்க் நடுவிலுள்ள சட்டத்தின் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி செய்யப்பட்டது. பெட்ரோல் டேப் பெரும்பாலும் இடப்பக்கம். வலப்பக்கத் தொங்கலில் தேங்கிய மிச்சம் மேட்டைத் தாண்டி டேப் பக்கம் வர, சாய்த்தால்தான் வழி. பங்க் வரை போய்ச் சேர அது போதும்.

★ ஓடிக்கொண்டிருந்த பைக் நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினால் ஸ்டார்ட் ஆகிறது. சில கிலோமீட்டரில் மறுபடி நிற்கிறது. பெட்ரோலும் நிறைய இருக்கிறது. குற்றவாளி அந்த மூடியேதான். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. மண்ணோ, குளவி கட்டிய கூடோ அதை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. எண்ணெய் டின்னில் ஒற்றை ஓட்டை போட்டுவிட்டு எண்ணெய் வரவில்லை என்று முழிக்கிற கதை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலி வாங்குவதற்கு முன், மூடியை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

★ 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் அது வண்டி மட்டுமில்லை. மாட்டுத் தீவனம், பால் கேன், வாழைத்தார் எல்லாம் சுமந்த பிள்ளை. டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து எரிக்கும். ஆயில் கூடினால் பிளக்கின் நுனியில் கரி படிந்து இடைவெளியை அடைத்துவிடும். பொறி தாவ இடமிருக்காது. ஆகவே சீட்டுக்கு அடியில் பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இல்லாத டி.வி.எஸ். 50-ஐ அந்தக் காலத்தில் பார்ப்பது அரிது. கழற்று, தேய், ஊது, மாட்டு, மிதி. டூல் பாக்ஸைத் திறக்கத் தெரிந்த ஒவ்வொரு விவசாயியும் பாதி மெக்கானிக்காக இருந்த காலம் அது.

★ 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 கட்டாயமானது. பெரும்பாலான இரு சக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-க்குக்கூட. மேலே சொன்ன சாய்த்தல், ஊதல் எல்லாம் இவற்றிடம் எடுபடாது. புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: இன்ஜெக்ஷன் பைக்குகள் பலவற்றில், வண்டி கீழே விழுந்தால் என்ஜினைத் தானாக நிறுத்துகிற சென்சார் உண்டு. தூக்கி நிறுத்திவிட்டு எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. சாவியை ஒருமுறை முழுதாக ‘ஆஃப்’ செய்துவிட்டு ‘ஆன்’ செய்தால் சமாதானமாகிவிடும். விழுந்த பதற்றத்தில் இது யாருக்கும் தோன்றாது. சிவப்புக் கில் சுவிட்சையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளி வாசலில் நிறுத்திய பைக்கில் அதைத் தட்டிவிட்டு ஓடுவது பையன்களின் நெடுங்கால விளையாட்டு.

★ மெக்கானிக் “கரண்ட் வருதா பாரு” என்றால் வீட்டு மின்சாரத்தைச் சொல்லவில்லை, பிளக் பொறியைச் சொல்கிறார். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடம்பை என்ஜின் இரும்பில் தொட வைத்துச் செல்ஃப் அடித்தால் நுனியில் நீலப் பொறி தெரிய வேண்டும். மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் காயிலையோ பிளக்கையோ சந்தேகிக்கலாம். அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டுவது 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம். வெறும் கையால் பிடிப்பது வீரமில்லை. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய கார்களில் காயில் பிளக் தலையிலேயே உட்கார்ந்திருப்பதால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

★ “ஓவர்ஃப்ளோ ஆயிருச்சு, கொஞ்ச நேரம் விடுங்க” என்பது தட்டிக்கழிக்கிற பேச்சில்லை. அடித்துக்கொண்டே இருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும், பொறி விழாது. இன்ஜெக்ஷன் கார்களில் இதற்கு ஒரு வழி: ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல கார்களின் கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விட்டுக் காய வைக்கும். ‘உறும்’ என்று பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும். எப்படியானாலும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஒரே மூச்சாக அடிக்காமல், ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

★ 2024 அக்டோபர் 25 மதியம் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் கால்வாயாயிற்று. ஒவ்வொரு ஐப்பசியிலும் மணிநகரம் கர்டர் பாலத்தடியில் ஏதாவது ஒரு வண்டி தண்ணீரில் நிற்கும். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது. காற்று போகிற வழியில் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. செல்ஃப் கொடுக்கிற விசையில் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்றதற்காக இல்லாமல், நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததற்காக வந்த சேதம் என்று சொல்லி, சாதாரண இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். என்ஜின் பாதுகாப்புக்கெனத் தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும்.

முழங்கால் தண்ணீர்கூட இல்லை, வெறும் தூறல்தான், ஆனாலும் எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை. பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் ஒயரிலும் ஈரம் படிந்தால் பொறி வழிதவறி ஓடிவிடும். காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிரே டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 தெரியுமல்லவா? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக வந்ததால் அந்தப் பெயர்.

★ இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கலந்து எரிந்துவிடும்; அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மழை நாளில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சிறிது தூரத்தில் வண்டி நின்றால், கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் விஷயம் தெரிந்துவிடும். பங்க்கில் கலப்படச் சந்தேகம் வந்தால் வடிதாள் சோதனை கேட்பது உங்கள் உரிமை. ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும்.

★ சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அது சொல்கிற ரகசிய எண்ணைக் காரின் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டால்தான் பெட்ரோலும் பொறியும் வரும். டூப்ளிகேட் சாவி வெட்டித் தருபவர் பல்லை மட்டும் வெட்டித் தந்தால் கதவு திறக்கும், செல்ஃப் சுற்றும், பல கார்களில் என்ஜின் மட்டும் பிடிக்காது. அல்லது பிடித்த இரண்டாம் நொடி நிற்கும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்கினால் ஒரிஜினல் சாவியைத் தேடுங்கள்.

★ திருடனுக்குப் பயந்து சீட்டுக்கு அடியில் ரகசிய சுவிட்ச் வைத்த பழைய கார்கள் நம் ஊரில் நிறைய. விற்கும்போது அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் காலால் தட்டிவிட்டுப் பட்டறை பட்டறையாகச் சுற்றுகிறார். ஃபோர்டின் பழைய கார்கள் பலவற்றில் கம்பெனியே ஒரு சுவிட்ச் வைத்திருந்தது. மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்துகிற அதிர்வு சுவிட்ச் அது. பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில் வேகமாக ஏறி இறங்கினால் அதுவும் மோதல் என்று எடுத்துக்கொள்ளும். கால் வைக்கும் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் உள்ள பொத்தானை அமுக்கினால் முடிந்தது.

★ டீசல் வண்டிக்குப் பிளக் பொறி கிடையாது. காற்றை அமுக்குகிற அமுக்கில் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகி, பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றும். ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் 1897-ல் இதை ஓட்டிக் காட்டினார். ஆகவே டீசலில் முதல் சந்தேகம் எப்போதும் எண்ணெய் வழியின் மேல். வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது அத்துப்படி. டீசல் அடியோடு தீர்ந்தாலோ ஃபில்டர் மாற்றினாலோ லைனில் காற்று புகுந்துவிடும். “ஏர் பிடிச்சிருச்சு, ஏர் எடுக்கணும்” என்பார்கள். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்க, முதலில் நுரையாக வரும். குமிழ் இல்லாமல் சுத்தமான டீசல் வழிந்ததும் திருகை முடுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்டர் நட்டு. இத்தனையும் செய்துவிட்டு, என்ஜினை நிறுத்த இழுத்த ‘ஸ்டாப்’ குமிழை உள்ளே தள்ள மறந்திருந்ததைக் கண்டுபிடித்த நடவு நாள்கள் பல ஊர்களில் உண்டு.

★ காமன் ரயில் டீசல் கார்கள் ஸ்டார்ட் ஆகவே ரயில் குழாயில் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டரை பாருக்கும் குறைவு. எங்கோ ஒரு ஊசிமுனைக் கசிவு இருந்தால் போதும், அழுத்தம் ஏறாது. கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்தமாக்க 32.5 சதவீத யூரியா கரைசலுக்கென்று தனித் தொட்டி உண்டு. அது காலியானால் சில கார்கள் ஓடும்வரை ஓடும். ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி எடுக்க மாட்டா. வயலுக்கு வைத்திருக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

★ டேஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே, அது ஹீட்டர் பிளக். சில நொடிகளில் 800 டிகிரிக்கு மேல் பழுத்து டீசல் பற்ற உதவும். மதுரை வெயிலில் அது செத்துப்போய் வருஷக்கணக்கானாலும் தெரியாது. 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் மார்கழி விடியலில் செல்ஃப் அடிக்கும்போதுதான் தெரியவரும். மலைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது மலிவு.

★ நன்றாக ஓடிய கார் சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு எதுவும் நடக்காதது போல எடுக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியென்றால் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். பல என்ஜின்களில், 60 பல்லுக்கான சக்கரத்தில் இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டு 58 பல் வைத்திருப்பார்கள். அந்த வெற்றிடம் கடந்து போவதை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று சென்சார் கண்டுபிடிக்கும். அது செத்தால் எப்போது பொறி போடுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது எழுகிறதா என்று கவனியுங்கள். பல கார்களில், செத்த சென்சார் என்றால் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும்.

★ ஸ்கேனர் மாட்டி ‘பி0335’ என்று எண் வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை. சோழவந்தான் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் அறுப்பு முடிந்ததும் எலிகள் இடம் தேடும். இரவில் வெதுவெதுப்பான என்ஜின் அறை அவற்றுக்குத் தோது. எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் கடித்துக்கொண்டே இருந்தாக வேண்டும், கையருகே கிடைப்பது ஒயர். புகையிலைக் கட்டு, நாப்தலீன் உருண்டை எல்லாம் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், வண்டியை நாலு நாள் சும்மா நிறுத்தாமல் எடுத்து ஓட்டுவதுதான் நல்ல மருந்து. எண்ணைப் பார்த்தவுடன் புது சென்சாருக்குப் பணம் எடுத்து நீட்டாதீர்கள். டார்ச் அடித்து ஒயரைக் கனெக்டர்வரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கடிபட்ட இடம் கிடைத்தால் அரை அடி ஒயரிலும் கொஞ்சம் டேப்பிலும் வேலை முடியும்.